ஆபரேஷன் முடிஞ்சாச்சு... அதற்குப் பிறகு? ஆணுறுப்புப் புற்றுநோய் சிகிச்சைக்குப் பிந்தைய வாழ்க்கை எப்படி இருக்கும்?

2016-ம் ஆண்டு மே மாதம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் உள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் 64 வயதான தாமஸ் மேனிங் என்பவருக்கு 15 மணி நேரம் ஓர் அறுவை சிகிச்சை நடந்தது. இறந்த ஒருவரிடமிருந்து தானமாகப் பெற்ற ஆணுறுப்பு அவருக்குப் பொருத்தப்பட்டது. அமெரிக்காவில் அதுதான் முதல் முறை. உலகம் முழுக்க தலைப்புச் செய்தி.

அந்தச் செய்தியில் பலர் கவனிக்காமல் விட்ட விஷயம் ஒன்று உண்டு. மேனிங் உறுப்பை இழந்தது விபத்தில் அல்ல, புற்றுநோயால். 2012-ல் வேலை செய்யும் இடத்தில் அடிபட்டு மருத்துவமனைக்குப் போனபோதுதான் உறுப்பில் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. பெரும்பகுதியை அகற்றி உயிரைக் காப்பாற்றினார்கள். அடுத்த நான்கு ஆண்டுகள் அவர் உட்கார்ந்துதான் சிறுநீர் கழித்தார். புதிதாக ஓர் உறவைப் பற்றி நினைத்துப் பார்க்கவே முடியவில்லை என்று பின்னர் சொன்னார். பெயரும் முகமும் தெரிய ஊடகத்தின் முன் வந்ததற்குக் காரணம், இதே நிலையில் வெட்கப்பட்டு ஒளிந்திருக்கும் மற்ற ஆண்களுக்காகத்தான் என்றும் சொன்னார்.

அமெரிக்காவில் இது மிக அரிதான நோய். இந்தியாவில் அப்படி இல்லை. 2020-ம் ஆண்டு உலக அளவில் சுமார் 36,000 ஆண்களுக்கு ஆணுறுப்புப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. எண்ணிக்கையில் முன்னணியில் இருக்கும் நாடு இந்தியா. பிரேசில், உகாண்டா போன்ற நாடுகளிலும் பாதிப்பு அதிகம். ஆனாலும் நம்மூரில் மார்பகப் புற்றுநோய் பற்றிப் பேசுகிறோம், வாய்ப் புற்றுநோய் பற்றி சினிமா தியேட்டரில் விளம்பரமே போடுகிறார்கள். இதைப் பற்றி மட்டும் மூச்சு விடுவதில்லை.

அதனால் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வரும் ஒருவருக்கு, அடுத்து என்ன நடக்கும் என்று கேட்கக்கூட ஆள் இருப்பதில்லை. நின்றுகொண்டு சிறுநீர் கழிக்க முடியுமா? தாம்பத்யம் அவ்வளவுதானா? கால் ஏன் இப்படி வீங்குகிறது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

'எடுத்தாச்சு' என்றால் எவ்வளவு?

இந்த ஆபரேஷன் என்றாலே முழுசாக வெட்டி எடுத்துவிடுவார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அந்தப் பயத்திலேயே மாதக்கணக்கில் டாக்டரிடம் போகாமல் களிம்பு தடவிக்கொண்டு இருப்பவர்களும் உண்டு. உண்மையில் எவ்வளவு எடுப்பது என்பது கட்டி எங்கே இருக்கிறது, எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

முன்தோலில் மட்டும் இருந்தால் முன்தோலை நீக்கினாலே போதும். மொட்டுப் பகுதியின் மேல்தோலில் மட்டும் இருந்தால் அந்தத் தோலை உரித்து எடுத்துவிட்டு, தொடையிலிருந்து எடுத்த தோலை ஒட்டுவார்கள். லேசர் சிகிச்சையும் உண்டு. கட்டியைச் சுற்றிக் கதிரியக்க ஊசிகளைப் பொருத்தி அழிக்கும் முறையும் உண்டு. கொஞ்சம் ஆழமாகப் போயிருந்தால் மொட்டுப் பகுதியை மட்டும் அகற்றுவது. அதற்கும் மேலே போயிருந்தால் உறுப்பின் ஒரு பகுதியை அகற்றுவது. அடிவரை பரவியிருந்தால்தான் முழுவதும் அகற்றுவது.

முன்பெல்லாம் கட்டியின் ஓரத்திலிருந்து 2 சென்டிமீட்டர் நல்ல சதையையும் சேர்த்து வெட்டியாக வேண்டும் என்பது விதி. சில மில்லிமீட்டர் இடைவெளியே போதும் என்று பிற்காலத்தில் தெரியவந்தது. கேட்க சின்ன மாற்றம்தான். ஆனால் அந்த ஒன்றரை சென்டிமீட்டர்தான், நின்று சிறுநீர் கழிப்பவருக்கும் உட்கார்ந்தே கழிக்க வேண்டியவருக்கும் இடையிலான வித்தியாசம்.

இதில் ஒரு கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. உறுப்பைக் காப்பாற்றும் சிகிச்சைகளில், அதே இடத்தில் கட்டி திரும்ப வரும் வாய்ப்பு சற்று அதிகம். சீக்கிரம் கண்டுபிடித்தால் மறுபடி ஆபரேஷன் செய்து சரிசெய்துவிடலாம், பெரும்பாலும் உயிருக்கு அதனால் கூடுதல் ஆபத்து இல்லை. ஆனால் தவறாமல் செக்-அப்புக்கு வர வேண்டும். பஸ் பிடித்து ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை வர முடியாதவருக்கு எந்த சிகிச்சை சரி? இதை டாக்டர் மட்டும் முடிவு செய்ய முடியாது. 'எனக்கு வேற வழி இருக்கா?' என்று நோயாளி கேட்க வேண்டும், கேட்கலாம் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பாத்ரூம் பிரச்சினை

வாழ்க்கைத் தரம் என்ற வார்த்தையைக் கேட்டதும் எல்லோரும் தாம்பத்யத்தைத்தான் நினைக்கிறார்கள். ஆனால் ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை நினைவுபடுத்துவது சிறுநீர்தான்.

ஒரு பகுதி மட்டும் அகற்றப்பட்டு, இரண்டு மூன்று சென்டிமீட்டராவது மிச்சம் இருந்தால் நின்றபடியே போக முடியும். என்றாலும் தாரை நேராக வராமல் சிதறலாம், உடையில் படலாம். அதனால் பலர் உட்கார்ந்து போவதையே வசதியாக நினைக்கிறார்கள். புனல் போன்ற ஒரு சாதனத்தைப் பயன்படுத்துபவர்களும் உண்டு.

முழுவதும் அகற்றப்பட்டவர்களுக்கு, விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடையில் சிறுநீர் வர ஒரு புதிய வழியை உருவாக்குவார்கள். இதைக் கேட்டதும் வரும் முதல் பயம், 'வாழ்நாள் முழுக்க பையை மாட்டிக்கிட்டுத் திரியணுமா?' என்பதுதான். தேவையில்லை. ஆபரேஷன் முடிந்து புண் ஆறும்வரைதான் டியூப் இருக்கும். சிறுநீரை அடக்கும் தசை உடம்புக்கு உள்ளே, புராஸ்டேட் சுரப்பிக்குக் கீழே இருக்கிறது. அதில் யாரும் கை வைப்பதில்லை. எனவே முன்பு போலவே அடக்கவும் முடியும், வரும்போது போகவும் முடியும். உட்கார்ந்துதான் போக வேண்டும், அவ்வளவுதான். பிறகு தண்ணீர் விட்டுக் கழுவித் துடைத்துவிட வேண்டும். ஈரம் நின்றால் தோல் புண்ணாகும்.

வீட்டில் இது பெரிய விஷயமில்லை. வெளியேதான் சிக்கல். நம் ஊர் பஸ் ஸ்டாண்டு கழிப்பறையில் ஆண்கள் பக்கம் வரிசையாக நின்று போகும் இடங்கள் இருக்கும், கதவுள்ள அறைகள் குறைவு, இருப்பதிலும் தாழ்ப்பாள் இருக்காது. கட்டட வேலைக்குப் போகிறவர், லாரி ஓட்டுகிறவர், செக்யூரிட்டி வேலை பார்ப்பவர் என்ன செய்வார்? பலர் செய்வது, வெளியே கிளம்பினால் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவது. அது சிறுநீர்த் தொற்றில் போய் முடியும். இதையும் சிகிச்சையின் ஒரு பகுதியாக நினைத்து, என்ன வேலை பார்க்கிறீர்கள், அங்கே கழிப்பறை எப்படி என்று டிஸ்சார்ஜ் சமயத்தில் யாராவது கேட்டால் பாதிப் பிரச்சினை அப்போதே தெரிந்துவிடும்.

இன்னொன்று. புதிய துவாரம், சில மாதங்களில் தழும்பு பிடித்துச் சுருங்கிப்போகலாம். தாரை மெலிவது, முக்கி முக்கிப் போவது, முழுசாகப் போகாத உணர்வு ஆகியவை அதன் அறிகுறிகள். 'ஆபரேஷன் பண்ணினா இப்படித்தான் இருக்கும்' என்று பொறுத்துக்கொள்ளக் கூடாது. துவாரத்தை விரித்துவிடுவதோ, ஒரு சிறு ஆபரேஷனோ போதும், சரியாகிவிடும்.

தாம்பத்யம் முடிந்துவிட்டதா?

ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. ஆனால் பெரும்பாலானோர் நினைப்பதைவிட நிலைமை நன்றாகவே இருக்கிறது.

பிரேசிலில் உறுப்பின் ஒரு பகுதி அகற்றப்பட்ட 18 ஆண்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. 2005-ல் அது வெளியானது. அவர்களில் 10 பேருக்கு உறவு கொள்ளும் அளவுக்கு விறைப்புத்தன்மை இருந்தது. மூன்றில் இரண்டு பங்கினருக்கு ஆசையும் முன்பு போலவே இருந்தது. விந்து வெளியேறுவதும் உச்சக்கட்டமும் பெரும்பாலானோருக்கு இருந்தன. ஆனால் முன்பு இருந்த அதே அளவு உறவைத் தொடர்ந்து, அதில் திருப்தியும் அடைந்தவர்கள் மூன்றில் ஒரு பங்கினர் மட்டுமே. உறவையே நிறுத்திவிட்டவர்களிடம் காரணம் கேட்டபோது, பாதிப் பேர் சொன்ன பதில் வலியோ இயலாமையோ இல்லை. வெட்கம். உறுப்பு சின்னதாகிவிட்டது, மொட்டுப் பகுதி இல்லை என்ற கூச்சம்.

18 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். இந்த நோய் குறித்த ஆய்வுகள் எல்லாமே இப்படிச் சின்னதாகத்தான் இருக்கின்றன. ஆனால் உடம்பால் முடிகிறது, மனசுதான் தடுக்கிறது என்ற அந்தக் கண்டுபிடிப்பு முக்கியமானது.

உடலியல் ரீதியாகவும் இதற்கு விளக்கம் இருக்கிறது. விறைப்பைத் தருவது உறுப்புக்குள் இருக்கும் பஞ்சு போன்ற திசு. அதன் கணிசமான பகுதி உடம்புக்குள்ளே புதைந்திருக்கிறது. முனையை அகற்றினாலும் மீதி வேலை செய்யும். மொட்டுப் பகுதி போய்விட்டதால் உணர்ச்சி குறையும், முழுதாக மறையாது. நீளம் போதவில்லை என்றால், உறுப்பை எலும்போடு பிணைத்திருக்கும் தசைநாரை விடுவித்து வெளியே தெரியும் நீளத்தைக் கொஞ்சம் கூட்டும் ஆபரேஷனும் உண்டு. விறைப்பில் சிக்கல் இருந்தால் மாத்திரை உதவலாம். ஆனால் மெடிக்கல் ஷாப்பில் நேரடியாக வாங்கிப் போடுவது ஆபத்து. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர்களுக்கு அது உயிருக்கே உலை வைக்கும்.

முழுவதும் அகற்றப்பட்டவர்களுக்கு ஊடுருவும் உறவு முடியாது. ஆனால் விதைகளை எடுப்பதில்லை என்பதால் ஆண் ஹார்மோன் வழக்கம்போல் சுரக்கும். தாடி மீசை கொட்டாது, குரல் மாறாது, ஆசையும் போகாது. விதைப்பையிலும் அதைச் சுற்றியும் உள்ள தொடு உணர்ச்சி மூலம் உச்சக்கட்டத்தை அடைபவர்களும் உண்டு. ஆசை மட்டும் அப்படியே இருப்பதுதான் சிலருக்குப் பெரிய வேதனையும்கூட. அதை யாரிடமாவது சொல்ல முடிந்தாலே பாரம் கொஞ்சம் குறையும்.

குழந்தை? விந்தணு உற்பத்தி நடந்துகொண்டுதான் இருக்கும். விந்து புதிய துவாரம் வழியாக வரும். அதைச் சேகரித்து மருத்துவமனையில் மனைவியின் கருப்பையில் செலுத்தும் முறை இருக்கிறது. கீமோதெரபி கொடுக்க வேண்டியிருந்தால், அதற்கு முன்பே விந்தணுவை உறைநிலையில் சேமித்து வைப்பது நல்லது. இளம் வயதினர் இதைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். பரபரப்பில் மறந்துவிடுவார்கள்.

மனைவிக்கு யார் சொல்வது?

கட்டுப் பிரிப்பது, டியூப் பையைக் காலி செய்வது, இரவில் கண்விழிப்பது எல்லாம் பெரும்பாலும் மனைவிதான். ஆனால் என்ன ஆபரேஷன், எவ்வளவு எடுப்பார்கள், அதன் பிறகு என்ன ஆகும் என்று பேசும்போது அவரை வெளியே உட்கார வைத்துவிட்டு, அண்ணனையோ மச்சானையோ மகனையோ உள்ளே கூப்பிடுவது நம் ஊர் வழக்கம். கையெழுத்தும் அவர்களே போடுவார்கள். மரியாதை, கூச்சம் என்று இதற்கு ஆயிரம் காரணம் சொல்லலாம். விளைவு என்னவோ ஒன்றுதான். வீட்டுக்குப் போன பிறகு இரண்டு பேரும் ஒரே அறையில் படுத்துக்கொண்டு, ஒருவரிடம் ஒருவர் கேட்காமலே இருப்பார்கள்.

மனைவிக்கு இருக்கும் பயங்கள் வேறு. 'எனக்கும் தொத்திக்குமா?' என்பது அதில் முதன்மையானது. புற்றுநோய் உறவின் மூலம் தொற்றாது. ஆனால் ஆணுறுப்புப் புற்றுநோயில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம் எச்.பி.வி. என்ற வைரஸ். பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்குவதும் இதே வைரஸ்தான், அது உறவின் மூலம் பரவக்கூடியது. எனவே கணவருக்கு இந்த நோய் வந்திருந்தால், மனைவி கருப்பைவாய்ப் பரிசோதனை செய்துகொள்வது அவசியம். தமிழகத்தில் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே இந்தப் பரிசோதனை நடக்கிறது. சில நிமிட வேலை. வைரஸ் இருக்கிறது என்பதால் கணவர் 'தப்பா நடந்துக்கிட்டார்' என்று முடிவு கட்டவும் கூடாது. பல ஆண்டுகளுக்கு முன்பே உடம்புக்குள் வந்து, எந்த அறிகுறியும் இல்லாமல் தங்கியிருக்கக்கூடியது அது. மீதிப் பாதி நோயாளிகளுக்கு முன்தோல் பின்னால் நகராத பிரச்சினை, சுத்தமின்மை, நாள்பட்ட தோல் அழற்சி, புகையிலை என்று காரணங்கள் வேறு.

இந்த இடத்தில் இன்னொரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். மேனிங்குக்கு முன்பே சீனாவின் குவாங்சோ நகரில் ஒருவருக்கு ஆணுறுப்பு மாற்று அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. 2006-ல் அந்தத் தகவல் வெளியே வந்தது. ஆபரேஷன் வெற்றி. ரத்த ஓட்டம் சரியாக இருந்தது, சிறுநீரும் வந்தது. ஆனால் இரண்டே வாரத்தில் அதை அகற்ற வேண்டியதாயிற்று. அவருக்கும் அவருடைய மனைவிக்கும் ஏற்பட்ட கடுமையான மனப் பாதிப்புதான் காரணம் என்று மருத்துவர்கள் தெரிவித்தார்கள்.

கால் ஏன் வீங்குகிறது?

இந்தப் புற்றுநோய் முதலில் பரவுவது தொடை இடுக்கில் உள்ள நிணநீர்க் கணுக்களுக்கு. நம் பேச்சுவழக்கில் 'நெறி கட்டியிருக்கு' என்போமே, அதே இடம்தான். அங்கே பரவியிருந்தாலோ, பரவியிருக்கும் என்று சந்தேகம் இருந்தாலோ அந்தக் கணுக்களை அகற்றுவார்கள். உயிரைக் காப்பாற்றுவதில் உறுப்பில் செய்யும் ஆபரேஷனைவிடப் பல நேரம் இதுதான் முக்கியம். ஆனால் அதன் பிறகு நிணநீர் வடிய வழியில்லாமல் காலிலும் விதைப்பையிலும் தேங்கத் தொடங்கும்.

பார்ப்பதற்கு யானைக்கால் நோய் போலவே இருக்கும். ஊரில் நாலு பேர் அப்படித்தான் கேட்பார்கள். உறுப்பில் நடந்த ஆபரேஷன் வேட்டிக்குள் மறைந்துவிடும், கால் வீக்கம் மறையாது. வெளியே தெரியாத நோயை ஊருக்கு அறிவிப்பது போல இது ஆகிவிடுவதால், வீட்டைவிட்டே வெளியே வராமல் முடங்குபவர்கள் உண்டு.

வீக்கத்தை முழுதாகப் போக்க முடியாவிட்டாலும் கட்டுக்குள் வைக்க முடியும். அளவெடுத்து வாங்கிய அழுத்தக் காலுறையைக் காலையில் எழுந்ததும் போட வேண்டும், படுக்கும்போது காலை உயர்த்தி வைக்க வேண்டும், பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் பயிற்சிகளைச் செய்ய வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம் பாதம். பித்தவெடிப்பு, சேற்றுப்புண், முள் குத்தின காயம் எதுவானாலும் அதன் வழியாகக் கிருமி உள்ளே போய்விடும். வயல் வேலைக்குப் போகிறவர்கள் வெறுங்காலோடு இறங்கக் கூடாது என்று சொல்வது சுலபம், சேற்றில் அது எப்படி முடியும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். குறைந்தபட்சம் வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கை ஈரம் போகத் துடைத்து, எண்ணெயோ களிம்போ தடவலாம். கால் சிவந்து, சூடாகி, குளிர் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

எல்லோருக்கும் இந்தப் பெரிய ஆபரேஷன் தேவைப்படுவதில்லை. கட்டியிலிருந்து நிணநீர் முதலில் போய்ச் சேரும் கணுவை மட்டும் கண்டுபிடித்து எடுத்துச் சோதித்து, அது சுத்தமாக இருந்தால் மற்றவற்றை விட்டுவிடும் முறை இருக்கிறது. இந்த யோசனையை 1970-களில் ஆணுறுப்புப் புற்றுநோயில்தான் முதலில் விரிவாகச் செய்து பார்த்தார்கள். பிறகுதான் மார்பகப் புற்றுநோய்க்கு அது பரவலானது.

மனசு

இந்த நோயாளிகளின் வாழ்க்கைத் தரம் பற்றிய 6 ஆய்வுகளைத் தொகுத்து 2009-ல் ஒரு கட்டுரை வெளியானது. அதில் மொத்தம் 128 பேர். சிகிச்சைக்குப் பிறகு நல்வாழ்வு பாதிக்கப்பட்டதாகச் சொன்னவர்கள் 40 சதவீதம் வரை. ஏறக்குறைய பாதிப் பேருக்கு மனநலப் பாதிப்பின் அறிகுறிகள் இருந்தன. பாலியல் செயல்பாடு குறைந்ததாகச் சொன்னவர்கள் மூன்றில் இரண்டு பங்கினர் வரை.

தூக்கமின்மை, காரணமில்லாத கோபம், குடி, சொந்தக்காரர்கள் விசேஷத்துக்குப் போகாமல் இருப்பது. மனச்சோர்வு நம் வீடுகளில் இந்த உருவங்களில்தான் வரும். ஆபரேஷனுக்கு முன்பே ஒரு முறை கவுன்சலிங் கிடைத்தால் அதன் பிறகான அதிர்ச்சி குறையும். சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனத்தில் இதற்கென்றே உளப் புற்றுநோயியல் துறை இயங்குகிறது. நேரில் போக முடியாதவர்கள் 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் கட்டணமில்லாமல், பெயர் சொல்லாமல்கூடத் தமிழில் பேசலாம். செலவைப் பொறுத்தவரை, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் புற்றுநோய் அறுவை சிகிச்சைகளுக்குப் பயன்படுத்தலாம்.

எப்போது திரும்பப் போக வேண்டும்?

நோய் திரும்ப வருவதானால் பெரும்பாலும் முதல் 2 ஆண்டுகளில்தான் வரும். அதனால் அந்தக் காலத்தில் 3 மாதத்துக்கு ஒரு முறையும், பிறகு 5 ஆண்டுகள் வரை 6 மாதத்துக்கு ஒரு முறையும் பரிசோதனைக்கு வரச் சொல்வார்கள். இடையில் வீட்டிலேயே குளிக்கும்போது ஆபரேஷன் செய்த இடத்தையும் இரண்டு பக்கத் தொடை இடுக்கையும் விரலால் தடவிப் பார்த்துக்கொள்ளலாம். புதிதாகப் புண், தடிப்பு, சிவப்பு, வலியில்லாத நெறி எது தென்பட்டாலும் அடுத்த தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம். சீட்டு, பழைய ரிப்போர்ட், பயாப்சி முடிவு மூன்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். முடிந்தால் மனைவியையும் கூட அழைத்துப் போய், டாக்டர் அறைக்குள் அவரையும் உட்கார வைக்க வேண்டும்.